தங்கவயல் காத்த ‘தமிழன்’

விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கிய அன்றைய தென் ஆர்க்காட்டிலும், அதை ஒட்டிய வட ஆர்க்காட்டிலும் நிலம் மறுக்கப்பட்டிருந்த சேரி மக்கள் பலர், பிழைப்பு நாடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர். சுரங்கத்துக்குள் இறங்கிய அம்மக்களை விட்டுவிட்டு அயோத்திதாசப் பண்டிதரின் வாழ்வை நாம் எழுத இயலாது.

1845இல் பிறந்த பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னர்த் தமதாக்கிக்கொண்டார். தொழிலால் சித்த மருத்துவர். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். மாரிக்குப்பம், இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடமெல்லாம் அதன் கிளைகள் தோன்றின.

1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. நான்கே பக்கங்கள், விலை பெயரிலேயே இருந்தது. கூலியாள் வாங்கக்கூடிய விலை அது. ஓராண்டுக்குப் பின், வாசகர் விருப்பத்தை ஏற்று ‘தமிழன்’ ஆயிற்று. பௌத்தம், இலக்கியம், மருத்துவம், அரசியல் அனைத்தும் அதில் இடம்பெற்றன. வாசகரின் ஐயங்களுக்கு விடைகளும் வந்தன. சுதேசி இயக்கத்தின் முழக்கம் ஓங்கியிருந்த நாளில், சாதியை விடாதவர்களின் சுயராச்சியம் யாருக்கானது எனப் பண்டிதர் வாரந்தோறும் வினவினார். அவருடைய ‘இந்திரர் தேச சரித்திரம்’ தொடராக வந்ததும் இதில்தான். அவர் கூறிய சொற்பிறப்புகள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. தீண்டப்படாதோர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தர்களே என்று நிறுவ முயன்று, இழிவுக்கு ஒரு தொடக்கக் காலம் உண்டு என்று காட்டினாரே, அத்துணிவே நமக்கு முதன்மையானது.

பெரும் முதலாளிகளின் ஆதரவு இவ்விதழுக்கு இல்லை. சந்தா செலுத்தியும் கடிதம் எழுதியும் தாங்கியவர்களுள் தங்கவயல் தொழிலாளர்கள் முன்நின்றனர். நாள் முழுதும் பாறை உடைத்தவர்கள் தம் கூலியில் ஒரு பங்கை அச்சுக்குத் தந்தார்கள் என்பதை இதழியல் வரலாறு எழுதியோர் நெடுங்காலம் பொருட்படுத்தவே இல்லை.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் நடத்திய பின் இதழ் நின்றது. 1926இல் ஜி. அப்பாத்துரையார் அதனை மீண்டும் எழுப்பினார். சென்னையில் அன்று, தங்கவயலில். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டு வந்தது. பல்கலைக்கழகங்கள் அவர் பெயரை அறியாதிருந்த ஆண்டுகள் அவை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ வெளிவந்தபோதுதான் தமிழ் அறிவுலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. ஈராண்டில் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன.