பெயர்களின் தர்மகர்த்தா

கடிதம் போய்ச்சேர விலாசம் வேண்டும். இணையத்தில் உள்ள கம்ப்யூட்டருக்கும் அப்படியே. அங்கே விலாசம் என்பது ஓர் எண். எண்ணை நினைவில் வைப்பது கஷ்டம். அதனால் பெயர் வைத்தார்கள்.

ஒரே பெயரை இருவருக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? குழப்பம்தான்! அந்தக் குழப்பம் வராமல் பல ஆண்டுகள் காத்தவர் ஜான் போஸ்டல்.

அவர் 1943-ம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். 1969-ல் இணையத்துக்கு முன்னோடியான 'ஆர்பாநெட்' தொடங்கியது. மாணவராக இருந்த போஸ்டல் அந்த வேலையில் சேர்ந்தார். எந்த எண் யாருக்கு என்று எழுதிவைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஊர்க் கணக்குப்பிள்ளை போல அதைச் செய்தார். நீண்ட தாடி, காலில் சாதாரணச் செருப்பு. ஆடம்பரம் அறியாதவர்.

1983-ல் அவருடன் வேலை பார்த்த பால் மொக்கபெட்ரிஸ் பெயர் முறையை வகுத்தார். வியாபாரத்துக்கு 'டாட் காம்' வந்தது. நாடுகளுக்கு இரண்டு எழுத்து. எது நாடு என்று தீர்ப்பது தம் வேலை அல்ல என்றார் போஸ்டல். சர்வதேசப் பட்டியலில் இருந்த எழுத்துகளையே எடுத்துக்கொண்டார்.

சொத்து அல்ல

1994-ல் அவர் ஒரு விதி எழுதினார். 'டாட் காம்' போன்ற பிரிவை நடத்துகிறவர் அதற்குச் சொந்தக்காரர் அல்ல, தர்மகர்த்தா மட்டுமே. கோவில் நிலத்தைத் தர்மகர்த்தா விற்கலாமா? அதுபோலத்தான்.

ஆனால் காலம் மாறியது. அதுவரை பெயரைப் பதிவு செய்யக் கட்டணம் இல்லை. 1995-ல் ஆண்டுக்கு 50 டாலர் என்று ஆனது. வசூலித்தது ஒரே கம்பெனி. புதிய பிரிவுகள் வேண்டும், பலரும் பதிவு செய்யட்டும் என்றார் போஸ்டல். வியாபாரச் சின்னம் வைத்திருந்தவர்கள் அஞ்சினார்கள். தங்கள் பெயரைப் பிறர் பதிந்துவிட்டால்? வாதம் முற்றியது.

1998 ஜனவரியில் அவர் ஒரு காரியம் செய்தார். தலைமைப் பெயர்ப் பட்டியலின் நகல் சில கம்ப்யூட்டர்களில் இருந்தது. அவற்றில் எட்டை நடத்தியவர்களிடம், இனித் தம் கம்ப்யூட்டரிலிருந்தே நகல் எடுக்கச் சொன்னார். அவர்களும் கேட்டார்கள்! அமெரிக்க அரசாங்கம் கோபம் கொண்டது. சோதனைதான் என்று சொல்லி, பழையபடியே மாற்றிவிட்டார்.

ஒருவர் கையில் இவ்வளவு அதிகாரமா என்ற கேள்வி எழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'ஐகான்' என்ற பொது அமைப்பு உருவானது. அதை உருவாக்க போஸ்டலும் உழைத்தார். ஆனால் அக்டோபர் 16-ந் தேதி, இருதய நோயால் காலமானார். வயது 55.

2016-ல் அமெரிக்க அரசாங்கமும் தன் மேற்பார்வையை விட்டது. இன்று தமிழ் எழுத்திலேயே 'டாட் இந்தியா', 'டாட் இலங்கை' உண்டு. பெயர்கள் பெருகிவிட்டன. அவற்றை வைத்திருப்பவர் முதலாளியா, தர்மகர்த்தாவா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.