கறையானை ஆராய்ந்த கோனிக்

நம் இல்லங்களில் கறிவேப்பிலை தாளிக்காத நாள் அரிது. அவ்விலைக்குத் தாவர நூலார் வழங்கும் பெயரின் பின்பாதி ஒரு மனிதருடைய பெயர் என்பதைத் தமிழ்த் தாய்மார் பலர் கேட்டிரார். அவரே யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்னும் மருத்துவர். 1771-இல் அப்பெயரைச் சூட்டியவர் அவருடைய ஆசானாகிய லின்னேயஸ். எனினும், நாம் அவரை நினைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது கறையான்.

கோனிக் 1728-இல் பால்டிக் கடலோரத்து லிவோனியாவிற் பிறந்தார். சுவீடனில் கற்று, டென்மார்க்கில் உழைத்து, 1768-இல் தரங்கம்பாடி டேனியக் கிறித்தவ மன்றத்தின் மருத்துவராக வந்திறங்கினார். செடியும் பூச்சியும் தேடி ஊர் ஊராக அலைய அவர் பெற்ற ஊதியம் போதவில்லை. ஆதலின் 1774-இல் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778-இல் கிழக்கிந்தியக் கும்பெனியாரிடமும் பணி ஏற்றார். அவர் சேர்த்தனுப்பிய பூச்சிகளை ஃபப்ரீசியஸ் என்னும் அறிஞர் பெயரிட்டு வகைப்படுத்தினார். பருத்தியைக் கறைப்படுத்தும் சிவப்புப் பூச்சிக்கும் கோனிக்கின் பெயரே அமைந்தது.

திக்லிபூரில் மர வீடும் மரச் சாமானும் வைத்து வாழும் நமக்குக் கறையானை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியர் அதனை எறும்பின் இனமென்று கருதி வெள்ளெறும்பு என்றே அழைத்தனர். தமிழனோ கறையான் எனத் தனிப்பெயரிட்டு, அதன் சிறகு முளைத்த பருவத்துக்கு ஈசல் என்றும் பெயர் வைத்திருந்தான். புற்றீசல் உணவாதலைப் புறநானூறே அறியும்.

1779-இல் பெர்லின் இயற்கை ஆராய்ச்சியாளர் கழக வெளியீட்டில் கோனிக்கின் கறையான் கட்டுரை வெளிவந்தது. புற்றையும் அதன் குடிகளையும் மட்டுமன்றி, நம் நாட்டு எளிய மக்கள் ஈசல் பிடித்த முறையையும் அவர் எழுதி வைத்தார். புற்றில் காற்று வரும் பக்கம் ஒரு துளையும் எதிர்ப்பக்கம் ஒரு துளையும் இடுவர். எதிர்த்துளையில் கறிவேப்பிலை தேய்த்த பானையின் வாயைப் பொருத்தி, மறுபுறம் நாற்றப் பொருள்களை எரித்துப் புகையூட்டுவர். ஈசல்கள் பானைக்குள் வந்து விழும். சில வேளை நல்லபாம்பும் உடன் விழுமாதலின் பானையை எடுப்போர் விழிப்பாயிருந்தனர். மாவுடன் சேர்த்துச் செய்த ஈசல் பண்டம் ஏழைகளுக்கு மலிவாய்க் கிடைத்தது. மிகுதியாய் உண்டவர் வயிற்றுக்கடுப்பால் இரண்டு மூன்று மணி நேரத்தில் மாண்டதையும் அவர் மறைக்கவில்லை. முதுகு வலுப்பெற முதியோர் அரசிக் கறையானை உயிருடன் விழுங்கியதும் அக்கட்டுரையில் உண்டு. இச்செய்திகளை அவருக்குச் சொன்ன மக்களின் பெயர் ஏடேறாதது நமக்கு வருத்தமே.

ஈசல் அனைத்தையும் அவர் பெண் என்று கொண்டார். உண்மையில் அவற்றுள் ஆணும் பெண்ணும் உண்டு. சிறகுதிர்த்து இணை சேர்ந்து அவையே புதுப்புற்றுக்கு அடியிடுகின்றன. 1781-இல் ஆப்பிரிக்கக் கறையானைப் பற்றி எழுதிய ஸ்மீத்மன் என்னும் ஆங்கிலேயர் கோனிக்கின் செய்திகளை எடுத்தாண்டார். புகழில் பெரும்பங்கு ஸ்மீத்மனுக்கே போயிற்று. ஆயினும் கறையானியலின் தந்தை என்று கோனிக்கைக் குறிப்போர் உளர்.

அவர் தொடங்கிய ஆராய்ச்சி இன்று வெகுதூரம் சென்றுவிட்டது. கண்ணற்ற உழைப்பாளிக் கறையான் வயிற்றடிச் சுரப்பியின் மணத்தைத் தரையில் தடவிச் செல்ல, பின்வருவன அம்மணத்தைப் பற்றி நடக்கின்றன. ஆபத்து நேரின் போர்வீரர் தலையைத் தரையில் மோதி அதிர்வால் செய்தி அறிவிப்பர். இத்தகைய தூது மணங்களுக்கு 1959-இல் பெரோமோன் என்று பெயரிட்ட இருவருள் லூஷர் கறையான் ஆய்வாளரே. கறையான் கரப்பானின் வழித்தோன்றல், எறும்புக்கு உறவன்று என்பதும் இந்நாளில் தெளிவாயிற்று.

கும்பெனிப் பணியில் கோனிக் நம் தீவுகள் கிடக்கும் இவ்வங்கக் கடலைத் தாண்டிச் சயாமும் மலாக்காவும் சென்று திரும்பினார். 1785-இல் கல்கத்தா நோக்கிச் செல்கையில், காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் வயிற்றுக்கடுப்பு அவரைப் பற்றியது. நண்பர் ராக்ஸ்பரோ அருகிருந்து மருத்துவம் பார்த்தும் பிழைக்கவில்லை. ஜூன் 26-இல் உயிர் நீத்தார். தம் கையெழுத்தேடுகளை இலண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்கு அவர் எழுதி வைத்திருந்தார், அவை கப்பலேறின.