எட்டு ரூபாயில் படித்தவர்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில் திருவாலங்காட்டிற்கு முந்திய நிலையம் மணவூர். திருத்தணி மலையை அடுத்த இவ்வூரிலிருந்து விடியற்காலை வண்டியேறிச் சென்னைக் கலாசாலைகளுக்குச் சென்று, இருட்டிய பின் வீடு திரும்பும் மாணாக்கர் உண்டு. அவர்களுடைய சட்டைப் பையில் சீசன் டிக்கட்டும், மாத முதலில் தந்தையார் எண்ணிக் கொடுத்த சில நோட்டுக்களும் இருக்கும். இருபதாம் தேதிக்குள் நோட்டுக்கள் தீர்ந்து போகின்றன. தந்தையாரைக் கேட்டால், பையனுக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை என்பார். பையனைக் கேட்டால், கொடுத்தது போதவில்லை என்பான். வீட்டுக்கு வீடு நடக்கும் இவ்வழக்கில் இரு தரப்பு நியாயத்தையும் தம் சொந்த வாழ்க்கையிலேயே அறிந்திருந்த பெரியவர் ஒருவர் உண்டு. மாணாக்கப் பருவத்தில் மாதம் 8 ரூபாய்க்குள் வாழப் பழகி, முப்பத்தைந்தாவது வயதில் இந்தியா தேசத்தின் வரவு செலவுக் கணக்கையே வைஸ்ராயின் முன்னிலையில் பிரித்துக் காட்டிய ஸ்ரீ கோபால கிருஷ்ண கோகலேதான் அவர்.

திருத்தணிப் பக்கத்தாருக்கு ஏழை மாணாக்கரின் கதை புதிதன்று. 1888-ம் வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி அவ்வூரில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், உபகாரச் சம்பளங்களின் துணை கொண்டே கல்வியை முடித்தவர். அவர் தத்துவ சாஸ்திரத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டதற்கும், அப்பாடத்தில் தேறிய உறவினர் ஒருவர் தம் புத்தகங்களை அவருக்குக் கொடுத்ததே காரணம். புத்தகச் செலவு மிச்சமாயிற்று. தேசத்திற்கு ஒரு தத்துவ ஞானி கிடைத்தார். ஆனால் கோகலேக்கு இளம் பிராயத்தில் அத்தகைய உபகாரச் சம்பளம் வாய்க்கவில்லை. அவருக்கு உபகாரச் சம்பளமாக வாய்த்தவர் அவருடைய தமையனாரே.

ரத்னகிரி ஜில்லாவைச் சேர்ந்த கோட்லுக் என்னும் கிராமத்தில் 1866-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி கோகலே பிறந்தார். தந்தையார் கிருஷ்ணராவ், கோலாப்பூரை அடுத்த காகல் சமஸ்தானத்தில் சிறு உத்தியோகம் பார்த்து வந்தார். 1879-ல் அவர் காலமானபோது குடும்பத்தில் சேமிப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மூத்த குமாரரான கோவிந்தராவ் தம் படிப்பை அந்த நிலையிலேயே நிறுத்திவிட்டு, காகலில் மாதம் 15 ரூபாய் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்தார். அதில் 8 ரூபாயைக் கோலாப்பூரில் படித்து வந்த தம்பிக்கு மாதந்தோறும் அனுப்பினார். எஞ்சிய 7 ரூபாயில் குடும்பம் நடந்தது.

இந்த 8 ரூபாயைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். எட்டு ரூபாய் என்பது 128 அணா. முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு நாலேகால் அணா. சாப்பாடு, துணி, புத்தகம், பள்ளிக் கட்டணம், இரவில் படிக்க விளக்குக்கு எண்ணெய் ஆகிய யாவும் அந்த நாலேகால் அணாவுக்குள் அடங்க வேண்டும். தாமே சமைத்து உண்டார் என்றும், சில நாள் ஒரு வேளை உணவோடு நிறுத்திக் கொண்டார் என்றும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

அவர்கள் கூறும் மற்றொரு செய்தி உண்டு. ஒரு நாள் நண்பன் ஒருவன் கோகலேயை நாடகத்திற்கு அழைத்துச் சென்றான். நண்பன் தன் செலவில் அழைக்கிறான் என்று எண்ணி இவரும் சென்றுவிட்டார். சில நாள் கழித்து அவன் டிக்கட்டுக்குரிய 2 அணாவைக் கேட்டான். கோகலே மறுத்துப் பேசவில்லை. தமையனாருக்கு எழுதி மேற்கொண்டு பணம் கேட்கவுமில்லை. கொடுத்துவிட்டார். அந்தத் தொகையை ஈடு செய்வதற்காக வீட்டு விளக்கை ஏற்றாமல், தெரு விளக்கின் அடியில் நின்று படித்தார்.

இக்கதையை நம் பெரியோர்கள் மாணாக்கரைக் கடிந்து கொள்வதற்கே பெரும்பாலும் எடுத்து ஆளுகிறார்கள். அதை இன்னொரு விதமாகவும் படிக்கலாம் என்பது நமது கருத்து. 2 அணா என்பது அவருடைய ஒரு நாள் பங்கில் ஏறக்குறையப் பாதி. ஒரே ஒரு மாலைப் பொழுதின் களிப்பு ஒரு வாலிபனின் விளக்கை அணைத்து விடுகிறது என்றால், குற்றம் களிப்பினுடையதா, பணத்தின் குறைவினுடையதா? கணக்கு வைப்பதில் அவரிடம் குறை காண இடமில்லை. ஆயினும் சிக்கனம் உள்ள பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்குமேயன்றி இல்லாத பணத்தை உண்டாக்கித் தராது. அந்த மாதக் கணக்கு சரியாகவே முடிந்திருக்கும். ஆனால் எண்ணெயும் உணவும் குறைந்ததனால் சரியான கணக்கு அது. இதைக் கோகலே மறக்கவில்லை என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கை முழுவதும் சாட்சி.

1881-ல் மெட்ரிகுலேஷன் பரீட்சையில் தேறினார். இனிப் படிப்பை நிறுத்தி வேலை தேடித் தமையனாரின் சுமையைக் குறைப்பதே முறை என்று அவர் எண்ணியதாகவும், அதற்குத் தமையனாரும் மதனியாரும் இணங்கவில்லை என்றும், கலாசாலைச் செலவுக்காக மதனியார் தம் நகைகளையே விற்கக் கொடுத்தார் என்றும் சொல்வர். கோலாப்பூர் ராஜாராம் கலாசாலையிலும், புனா டெக்கான் கலாசாலையிலும், முடிவில் பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையிலும் படித்தார். எல்பின்ஸ்டனில் மாதம் 20 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1884-ல், பதினெட்டாவது வயதில், பி.ஏ. பட்டம் பெற்றார்.

கோகலேயைத் தம் அரசியல் குருவாகக் கொண்ட காந்தியடிகளும் தமையனார் பணத்தில் படித்தவரே என்பதை இங்கே நினைவு கூரலாம். ராதாகிருஷ்ணன் பிறந்ததற்கு முதல் நாள், 1888-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி, அவர் பம்பாயில் கப்பலேறி லண்டன் சென்றார். முதலில் சில காலம் நாகரிக உடை, நடனம், பிடில் என்று பணத்தைச் செலவிட்டார். பின்னர் விழித்துக்கொண்டு, தபால் தலை, வண்டிக் கூலி உட்பட ஒவ்வொரு காசையும் எழுதி, இரவு படுக்குமுன் கூட்டிச் சரிபார்க்கலானார். இரண்டு அறைகளை விட்டு ஓர் அறைக்கு மாறினார். காலை உணவைத் தாமே சமைத்துக் கொண்டார். நாள்தோறும் பல மைல் தூரம் நடந்தே சென்றார். இருவரும் சிக்கனமாக வாழ்ந்தவர்களே. ஆயினும் லண்டன் மாணாக்கருக்குக் குறைத்துக் கொள்வதற்குச் செலவு இருந்தது. கோலாப்பூர் மாணாக்கருக்கு அதுவும் இல்லை. சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோர் இந்த வேற்றுமையை அடிக்கடி மறந்து விடுகிறார்கள்.

பட்டம் பெற்ற கோகலே வக்கீல் தொழிலுக்குப் போயிருந்தால் ஏராளமாகச் சம்பாதித்திருக்கலாம். வீட்டிலும் அத்தகைய நம்பிக்கை இருந்திருக்கும். அவரோ 1885-ல் புனா நியூ இங்கிலீஷ் ஸ்கூலில் மாதம் 35 ரூபாய் சம்பளத்தில் உபாத்தியாயரானார். பிறகு, திலகரும் அகர்க்கரும் முன்னின்று ஏற்படுத்திய டெக்கான் கல்விச் சங்கத்தில் ஆயுள் அங்கத்தினராகி, மாதம் 75 ரூபாய்க்கு மேல் விரும்பாமல் இருபது வருஷம் உழைப்பதாக ஒப்புக்கொண்டார். தம்மைப் படிக்க வைத்த தமையனாரின் குடும்பத்தையும் மறவாமல் ஆதரித்தார். பெர்கூஸன் கலாசாலைக்கு நிதி திரட்டுவதற்காக, விடுமுறைக் காலங்களில் ஊர் ஊராகச் சென்று பணக்காரர் வீட்டு வாயில்களில் காத்து நின்றார். தமக்கென்று ஒருவரிடமும் 2 அணா கேட்கத் துணியாதவர் பிறர் பிள்ளைகளுக்காக யாசித்தார்.

அவர் எழுதிய பாடப் புத்தகம் எது என்று கேட்டால் வாசகர்கள் வியப்படைவார்கள். அது கணிதப் புத்தகம். இந்தியா முழுவதும் பள்ளிகளில் பரவிய அப்புத்தகத்தின் வருமானம், பிற்காலத்தில் அவர் கலாசாலையை விட்டுப் பொதுவாழ்வில் இறங்கியபோது கைகொடுத்தது. கணிதத்தைப் பற்றி அவருடைய பிள்ளைப் பிராயத்துக் கதை ஒன்றும் வழங்குகிறது. வீட்டுக் கணக்குகளையெல்லாம் பிழையின்றிச் செய்து வந்ததற்காக உபாத்தியாயர் அவரை வகுப்பில் முதலிடத்தில் வைக்க, ஒரு கணக்கைப் பிறர் உதவியால் செய்ததை எண்ணி அவர் அழுதுவிட்டாராம்.

புனாவில் மகாதேவ கோவிந்த ரானடே அவருக்குக் குருவாக வாய்த்தார். சர்க்கார் அறிக்கைகளையும் புள்ளி விவரங்களையும் வரி வரியாகப் படித்துச் சல்லடையிட்டுப் பார்க்கும் வித்தையை ரானடே அவருக்குப் பல வருஷம் கற்பித்தார். சோலாப்பூரில் உபாத்தியாயராக இருந்த ஜி. வி. ஜோஷியும் கணக்குகளைத் தொகுத்துக் கொடுத்து உதவினார். 1897-ல் இந்தியாவின் செலவுகளை விசாரிக்க அமைந்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் கூறக் கோகலே லண்டன் சென்றார். அங்கே சாட்சியம் கூறிய இந்தியரில், சுதேசமித்திரனை நிறுவிய நமது ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர்.

1902-ம் வருஷம் மார்ச் மாதம் 26-ந் தேதி, கல்கத்தாவில் வைஸ்ராயின் சட்டசபையில் பட்ஜெட்டைப் பற்றிக் கோகலே முதன்முறையாகப் பேசினார். சர்க்கார் கஜானாவில் தொடர்ந்து சில வருஷங்களாகக் கோடிக்கணக்கில் உபரி சேர்ந்து வந்தது. தேசத்தின் சுபிட்சத்திற்கு அதுவே அத்தாட்சி என்று அதிகாரிகள் மகிழ்ந்தார்கள். 1896 முதல் 1900 வரை இரண்டு கொடிய பஞ்சங்கள் தேசத்தை வாட்டியிருந்த காலம் அது. ஜனங்கள் பட்டினியில் மடிய, கஜானா மட்டும் நிரம்புவது எவ்வாறு என்பதே கோகலே எழுப்பிய கேள்வி.

விடையையும் அவரே கணக்குக் காட்டி விளக்கினார். இந்தியா சர்க்கார் இங்கிலாந்துக்கு வருஷந்தோறும் பவுன் நாணயத்தில் பெருந்தொகை அனுப்பி வந்தது. வெள்ளியின் விலை வீழ்ந்து ரூபாயின் மதிப்பு 13 பென்ஸ் அளவுக்கு இறங்கியபோது, ஒரு பவுனுக்கு 18 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நஷ்டத்தைச் சரிக்கட்ட வரிகள் உயர்ந்தன. ஏழையின் கஞ்சிக்கு வேண்டிய உப்பின் மீதும் 1888-ல் வரி மணங்குக்கு 2 ரூபாயிலிருந்து 2½ ரூபாயாக ஏறிற்று. பின்னர் நாணயச் சாலைகளை மூடி ரூபாயின் மதிப்பை 16 பென்ஸுக்கு உயர்த்தியதனால், பவுனுக்கு 15 ரூபாய் கொடுத்தால் போதும் என்றாயிற்று. நஷ்டம் நீங்கிற்று, நஷ்டத்திற்காகப் போட்ட வரி நீங்கவில்லை. தேவைக்கு மேல் பிடுங்கியதே உபரியாகத் தோன்றிற்று.

எண்ணெய் வாங்காததனால் மிச்சமான 2 அணாவைச் செல்வம் என்று கொண்டாட முடியாது என்பதைப் பள்ளிப் பருவத்தில் அறிந்தவருக்கு, உப்பைக் குறைத்து உண்ட ஜனங்களிடமிருந்து சேர்ந்த உபரி சுபிட்சம் ஆகாது என்பது எளிதில் விளங்கியிருக்க வேண்டும் என்று நாம் கருதுகிறோம். சட்டசபையிலிருந்த சீமான்களுக்கு அது விளங்காமல் போனதற்கும் அதுவே காரணம்.

உப்பு வரி 1903-ல் 2 ரூபாயாகவும், 1905-ல் 1½ ரூபாயாகவும், 1907-ல் ஒரு ரூபாயாகவும் குறைந்தது. அது ஒருவரால் மட்டும் நேர்ந்ததன்று. காங்கிரஸ் மகாசபை பல வருஷமாகக் கேட்டு வந்ததே. ஆயினும் கோகலே காட்டிய கணக்குக்கு அதில் பெரும்பங்கு உண்டு. மிதவாதிகளின் தலைவரான அவரைத் திலகர் கட்சியார் கடுமையாகத் தாக்கினார்கள். வேண்டிப் பெறும் அரசியலால் சுயராஜ்யம் வாராது என்று அவர்கள் கூறியது பொய்யாகவில்லை. ஆனால் அந்நிய ஆட்சியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து படிக்கத் தேசத்தாருக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் அவரை விட்டுவிட முடியாது.

1905-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் அங்கத்தினர், சங்கம் அளிக்கும் சொற்பத் தொகையில் திருப்தியடைந்து, தமக்கென்று பொருள் தேடாதிருக்க விரதம் பூண்டார்கள். திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், அப்பதவியை விட்டு 1907-ல் அச்சங்கத்தில் சேர்ந்தார். கோகலேக்குப் பின் அதன் தலைவரும் ஆனார்.

மணவூர் வழக்குக்குத் திரும்புவோம். பையனிடம் கணக்கு எழுதச் சொல்லும் தந்தையாரின் கட்சியைக் கோகலே மறுக்க மாட்டார். ஆனால் அவருடைய இறுதிக் காலத்துப் பெரு முயற்சி பையன் கட்சிக்காகவே நடந்தது. 1911-ம் வருஷம் மார்ச் 16-ந் தேதி ஆரம்பக் கல்வி மசோதாவைச் சட்டசபையில் கொண்டு வந்தார். மாதம் 10 ரூபாய்க்கு மேற்படாத வருமானமுள்ள பெற்றோரிடம் பள்ளிக் கட்டணம் வாங்கலாகாது என்பது அதில் ஒரு விதி. கோவிந்தராவின் சம்பளம் 15 ரூபாய் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க. தம் வீட்டாரினும் ஏழையான வீடுகளை எண்ணியே அவர் அந்த வரம்பை இட்டார்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டவர்களுக்குக் கணக்கையும் காட்டினார். காட்டியும் பயனில்லை. சர்க்கார் எதிர்த்தது, பெரிய நிலச்சுவான்தார்களும் எதிர்த்தார்கள். 1912-ம் வருஷம் மார்ச் 19-ந் தேதி 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் மசோதா தோல்வியுற்றது. ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. கலாசாலைப் படிப்பைப் பொறுத்தவரை, அரசுப் பள்ளிகளில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டத்தைத் தமிழ்நாடு அரசாங்கம் 2022-ல், திருத்தணிப் பெரியவரின் பிறந்த தினமாகிய செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியது. ஆண் மாணாக்கருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

மசோதா தோற்றபின் கோகலே சோர்ந்து உட்காரவில்லை. அவ்வருஷமே தென்னாப்பிரிக்கா சென்று அங்குள்ள இந்தியரின் குறைகளை நேரில் விசாரித்தார். நீரிழிவு நோயால் உடல் நாளுக்கு நாள் தளர்ந்தது. 1914-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அளிக்க முன்வந்த சர் பட்டத்தை வேண்டாம் என்று மறுத்தார். 1915-ம் வருஷம் பிப்ரவரி 19-ந் தேதி புனாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.