படை மருத்துவர், சட்டசபையாளர்: டாக்டர் டி. எம். நாயர்

மேற்கு மலைத்தொடரில் இயற்கையே திறந்துவைத்த வாசல் ஒன்று உண்டென்றால் அது பாலக்காட்டுக் கணவாய்தான். காற்றும் மழையும் அதன் வழியே கொங்குநாட்டுக்கு வரும். வணிகரும் கல்விமான்களும் அதே வழியாகப் போவர், வருவர். மலபார் ஜில்லா 1956 வரை சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்தபடியால், பாலக்காட்டு இளைஞன் ஒருவன் பட்டணம் என்று சொன்னால் அது சென்னப்பட்டணத்தையே குறிக்கும். அந்த வாசல் வழியாக வந்து தமிழ்நாட்டு அரசியலையே திசைமாற்றியவர்களுள் முதன்மையானவர் டாக்டர் தரவத்து மாதவன் நாயர்.

அவர் பிறந்தது 1868-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், திரூரில். தந்தை சங்கரன் நாயர் ஜில்லா முன்சீப் உத்தியோகம் பார்த்தவர். ஆனால் பிள்ளையின் பெயருக்கு முன்னால் நிற்பது தந்தையின் வீடன்று, தாயாரின் வீடு. மருமக்கள்தாய முறைப்படி குழந்தை தாய்வீட்டைச் சேர்ந்தது. அந்தத் தரவத்து வீடு பாலக்காட்டில் இருந்தது. அஞ்சாமை அக்குடும்பத்துக்குப் புதிதல்ல. 1910-இல் திருவிதாங்கூர் அரசு பத்திராதிபர் சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளையை நாடுகடத்தியபின் அவருக்குப் பாலக்காட்டில் இடங்கொடுத்து ஆதரித்தவர் அதே குடும்பத்து எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மா. அரசின் கோபத்துக்கு ஆளானவனுக்குக் கதவைத் திறப்பது எளிய காரியமல்ல என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நாயர் பாலக்காட்டு அரசாங்க உயர்நிலைப்பள்ளியில் பயின்று, ரயிலேறிச் சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். வைத்தியப் படிப்பை நாடிக் கடல் கடந்து எடின்பரோ சென்றார். 1894-இல் பட்டம், 1896-இல் எம்.டி. பாரிஸ் நகரில் காது, மூக்கு, தொண்டை நோய்களுக்குத் தனிப்பயிற்சி. நம்மைப் போன்ற மாணவர் சங்கத்தாருக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கத் தோன்றும். எடின்பரோவில் அவர் வெறும் புத்தகப் புழுவாக இருக்கவில்லை. இந்திய மாணவர் சங்கத்தில் பொறுப்பேற்றார். மாணவர் பத்திரிகையில் ஈடுபட்டார். லண்டனில் தாதாபாய் நௌரோஜியின் தலைமையில் இயங்கிய இந்தியர் சங்கத்தில் பணிபுரிந்தார். பிற்காலத்தில் எந்தச் சபையிலும் தனியாக எழுந்து நின்று பேச அவர் கூசவில்லை. அந்தப் பழக்கம் அங்கேதான் கைவந்திருக்கவேண்டும்.

1897-இல் சென்னை திரும்பித் தொழில் நடத்தினார். 'ஆன்டிசெப்டிக்' என்னும் வைத்தியப் பத்திரிகைக்கு ஆசிரியரானார். 1904-இல் சென்னை நகரசபை அங்கத்தினரானார். பன்னிரண்டு ஆண்டுகள் அச்சபையில் இருந்தார். காங்கிரஸ்காரராகவும் அப்போது விளங்கினார் என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர்.

அவருடைய வாழ்வில் நாம் அதிகம் பேசாத ஒரு பகுதி தொழிற்சாலைக் கமிஷன். ஆலைகளில் மின்விளக்கு வந்தபிறகு முதலாளிகளுக்குப் பொழுது சாய்வது என்பதே இல்லாமற் போயிற்று. முன்பு இருட்டினால் எந்திரம் நிற்கும். விளக்கு வந்ததும் 13 மணி, 14 மணி நேரம் என்று வேலை நீண்டது. இதை ஆராய இந்திய அரசாங்கம் 1907-இல் ஒரு கமிஷனை நியமித்தது. மாரிசன் என்னும் வெள்ளைக்காரர் தலைவர். நாயர் அதில் ஓர் உறுப்பினர். பருவம் வந்த ஆண்களின் வேலை நேரத்தைச் சட்டம் நேரடியாக வரையறுக்கக்கூடாது என்று மற்ற உறுப்பினர்கள் முடிவு கட்டினார்கள். வளர்ந்தவன் தன் உழைப்பைத் தன் இஷ்டப்படி விற்கட்டும் என்பது அக்கால வாதம். நாயர் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. தொழிலாளியின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை வைத்தியனாக அறிந்தவர் அவர். நாளொன்றுக்கு 12 மணிக்கு மேல் யாரையும் வேலை வாங்கலாகாது, அதைச் சட்டமே சொல்லவேண்டும் என்று தனி அறிக்கை எழுதிச் சேர்த்தார். கமிஷனில் அவர் தோற்றவர்தான். ஆனால் 1911-இல் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் ஆண்களுக்கு 12 மணி நேரம் என்று எல்லை கட்டிற்று. பன்னிரண்டு மணி நேரமா என்று இன்று நாம் முகம் சுளிக்கலாம். பதினான்கு மணி நேரம் தறியருகே நின்றவனுக்கு அந்த இரண்டு மணி நேரத்தின் அருமை தெரிந்திருக்கும்.

1912-இல் சென்னைச் சட்டசபையில் அங்கம் பெற்றார். அக்காலத்துச் சட்டசபையை இக்காலத்தது போல் எண்ணிவிடக்கூடாது. வோட்டு மிகச் சிலருக்கே உண்டு. உறுப்பினர் கேள்வி கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். சர்க்கார் செவிசாய்க்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. 1916 வரை அங்கே இருந்தார்.

நகரசபையிலோ நாயருக்கும் வெள்ளுடை வேந்தர் பி. தியாகராயச் செட்டியாருக்கும் ஓயாத பூசல். பின்னாளில் ஒரே கட்சியின் இரு தூண்களாக நின்றவர்கள், அந்நாளில் எதிரெதிர் வரிசையில் இருந்தவர்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் குளத்துக்கு நகரசபைத் தண்ணீர் விடும் பிரச்சினை எழுந்தபோது நாயர் அதற்கு இசையவில்லை. பெரும்பாலோர் தமக்கு எதிராகத் திரும்பியதும் ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார். சமரசம் என்ற சொல் அவருடைய அகராதியில் சற்றுப் பின்பக்கத்தில்தான் இருந்தது போலும்.

இதற்கிடையில் மகாயுத்தம் மூண்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் 'எம்டன்' சென்னைத் துறைமுகத்தைச் சுட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. பட்டணம் பாதி காலியாயிற்று. எதற்கும் அஞ்சாத எமகாதகனை 'எம்டன்' என்று நம் பாட்டிமார் ஏசுவது அன்று பிறந்த வழக்குத்தான். யுத்தச் செலவுக்கென்று மாகாணத்து மக்களிடம் திரட்டிய நிதியைக்கொண்டு ஒரு கப்பலை மிதக்கும் ஆஸ்பத்திரியாக மாற்றி, அதற்கு 'மெட்ராஸ்' என்றே பெயர் வைத்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மெஸபொட்டேமியாவிலும் காயம்பட்ட சிப்பாய்களை ஏற்றி வருவது அதன் வேலை. சட்டசபை அங்கத்தினராகவும் ஊரறிந்த வைத்தியராகவும் இருந்த நாயர், லெப்டினென்ட் பதவியில் படைமருத்துவராகி அந்தக் கப்பலில் சேர்ந்து சிகிச்சை செய்தார். வயது ஐம்பதை நெருங்கும் மனிதர். வீட்டிலிருந்தபடியே நன்கொடைச் சீட்டில் கையெழுத்திட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அச்சேவைக்காக கெய்ஸர்-இ-ஹிந்த் பதக்கம் அளிக்கப்பட்டது. போர்ச்சேவைப் பதக்கமும் பின்னர் வந்தது. அதை வாங்க அவர் உயிரோடில்லை.

1916-இல் டில்லிச் சட்டசபைக்குச் சென்னை மாகாணத்திலிருந்து செல்லவேண்டிய இடத்துக்கு நாயர் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். அத்தோல்வி அவரை மிகவும் உறுத்திற்று. தகுதியில் குறை இல்லை, உழைப்பில் குறை இல்லை. வோட்டுகள் எங்கே குவிந்திருக்கின்றன என்பதே விஷயம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இது சொந்த ஏமாற்றத்திலிருந்து பிறந்த கொள்கை என்று சொல்வோர் உண்டு. ஓரளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் சர்க்கார் கணக்கே அவர் பக்கம் பேசிற்று. 1912-ஆம் ஆண்டுக் கணக்குப்படி மாகாணத்தில் 128 ஜில்லா முன்சீப்புகளில் 93 பேர் பிராமணர். ஜனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூவர். முன்சீப்பின் மகனாகிய நாயருக்கு இந்த எண்ணைப் பிறர் விளக்கவேண்டிய அவசியம் இருந்திராது.

பிணங்கி நின்ற நாயரையும் தியாகராயரையும் ஒன்றுசேர்த்தவர் டாக்டர் சி. நடேச முதலியார். பட்டணத்துக்குப் படிக்க வந்து, சாதி காரணமாகத் தங்க இடமும் உண்ண வழியும் கிடைக்காமல் தவித்த பிராமணரல்லாத மாணவர்களுக்காக 1916-இல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்னும் விடுதியைத் திறந்த பெருந்தகை அவர். விடுதி அறையில் கவலையின்றி இதைப் படிக்கும் நண்பர்கள் அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அவ்வாண்டு நவம்பர் 20-ஆம் நாள் வேப்பேரியில் எத்திராஜ முதலியார் இல்லத்தில் தலைவர்கள் கூடினர். தென்னிந்தியர் நல உரிமைச் சங்கம் உருவாயிற்று. 1917 பிப்ரவரி 26 முதல் 'ஜஸ்டிஸ்' நாளேடு வெளிவந்தது, ஆசிரியர் நாயர். பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் பெயராகி, தமிழில் நீதிக்கட்சி ஆயிற்று.

அவர் பேனா கூரியது. சில வேளைகளில் தேவைக்கு மேலும் கூரியது. அன்னி பெசன்ட் அம்மையாரோடு அவருக்கிருந்த பகை ஹோம் ரூல் இயக்கத்தில் தொடங்கியதன்று. பிரம்மஞான சபையின் லெட்பீட்டரைப் பற்றி 'ஆன்டிசெப்டிக்' வெளியிட்ட கட்டுரைக்காக அம்மையார் முன்பே மானநஷ்ட வழக்குத் தொடுத்துத் தோற்றிருந்தார். ஆகவே ஹோம் ரூல் என்றதும் நாயர் சீறியதில் கொள்கையும் உண்டு, பழைய கணக்கும் உண்டு. வெள்ளையர் இப்போது விலகினால் அதிகாரம் ஒரு வகுப்பாரிடமே போய்ச்சேரும் என்ற அவருடைய அச்சம் நியாயமானது. அந்த வெள்ளையரே நீதி வழங்குவார்கள் என்று அவர் கொண்ட நம்பிக்கையை அவ்வாறு சொல்ல என்னால் இயலவில்லை. அதன் பலனை அவரே விரைவில் கண்டார்.

1917 ஆகஸ்டு 19-ஆம் நாள் கணவாயின் கிழக்கு வாசலாகிய கோயமுத்தூரில் பிராமணரல்லாதார் மாநாடு கூடிற்று. மறுநாளே, படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்ற பிரிட்டிஷ் அறிவிப்பை இந்தியா மந்திரி மாண்டேகு வெளியிட்டார். வரப்போகும் சட்டசபைகளில் யாருக்கு எத்தனை இடம் என்பதே அன்றிலிருந்து பேச்சு. அக்டோபர் 7-ஆம் நாள் எழும்பூர் ஸ்பர் டாங்க் மைதானத்தில், தாழ்த்தப்பட்ட மக்கள் திரண்ட கூட்டத்தில் நாயர் ஆற்றிய சொற்பொழிவு அவருடைய பேச்சுகளிலெல்லாம் பெயர்பெற்றது.

1918-இல் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்துக்காக வாதாட லண்டன் போனார். அங்கே பொதுமேடையில் பேசக்கூடாது என்று சர்க்கார் அவருக்கு வாய்ப்பூட்டுப் போட்டது! சாம்ராஜ்யத்துக்காக யுத்தக் கப்பலில் ஊழியம் செய்த லெப்டினென்டுக்கு அதே சாம்ராஜ்யத்தின் தலைநகரில் கிடைத்த மரியாதை இது. பிரபுக்கள் சிலர் பார்லிமெண்டில் கண்டித்த பிறகே தடை நீங்கிற்று. நாயரும் பார்லிமெண்டு உறுப்பினர்களிடையே தம் வழக்கை எடுத்துரைத்தார்.

1919-இல் மீண்டும் பயணமானார். சீர்திருத்த மசோதாவை ஆராய்ந்த பார்லிமெண்டுக் கூட்டுக்கமிட்டியின் முன் சாட்சி சொல்லவேண்டும். உடல் ஏற்கெனவே நோயால் நலிந்திருந்தது. கமிட்டியின் முன் செல்லுமுன்னரே, ஜூலை 17-ஆம் நாள் லண்டனில் காலமானார். வயது 51. ஈமக்கடன் அந்நகரின் கோல்டர்ஸ் கிரீனில் நடந்தது. அவர் வாதத்தைக் கேட்கவேண்டியவர்கள் அதைக் காகிதத்தில்தான் படித்தார்கள்.

மறு ஆண்டு மெஸ்டன் பிரபுவின் தீர்ப்பின்படி சென்னைச் சட்டசபையில் 28 இடங்கள் பிராமணரல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. 1920 நவம்பரில் தேர்தல் நடந்தது. காங்கிரஸ் அதில் கலந்துகொள்ளவில்லை. தேர்ந்தெடுக்கப்படும் 98 இடங்களில் 63-ஐ நீதிக்கட்சி பிடித்தது. தியாகராயர் முதல்மந்திரி பதவியை வேண்டாமென்றுவிட, கடலூர் சுப்பராயலு ரெட்டியார் அதை ஏற்றார். இன்றைய இடுக்கி மலைகளின் கிழக்கு அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்திலிருந்து சபைக்கு வந்த இளைஞர் பி. டி. ராஜன் 1937 வரை இடைவிடாமல் அங்கே அமர்ந்தார். 1936-இல் சில மாதங்கள் முதல்மந்திரியாகவும் இருந்தார். தியாகராயநகர் உருவானபோது அக்கட்சித் தலைவர்களின் பெயர்களைப் பூங்காவுக்கும் தெருவுக்கும் இட்டார்கள். அவற்றுள் டாக்டர் நாயர் சாலையும் ஒன்று.