உடனிருந்து காத்தவர்

நுழையும்முன்
நோய்க்கு மருந்து தருபவர் மருத்துவர். அம்மருந்தை வேளை தவறாது ஊட்டி, இரவெல்லாம் கண்விழித்திருப்பவர் வீட்டார். இவ்விருவர் பணியும் இணையும்போதே நோயாளி நலம் பெறுகிறார். தாய்க்குப் பணிவிடை செய்ய வந்து, தமிழ்மண்ணின் மருத்துவராக மலர்ந்த ஐடா ஸ்கடரின் வாழ்வை அறிவோம்.

வேலூர்க் கோட்டைக்கு அருகே அமைந்த பழமையான கடைத்தெரு லாங் பஜார். இத்தெருவிலும் இதனை அடுத்த தெருக்களிலும் வங்கமொழியும் இந்தியும் நாள்தோறும் ஒலிக்கின்றன. மருத்துவமனையில் இருக்கும் தாய்க்கோ தந்தைக்கோ துணையாகத் தொலைவிலிருந்து வந்தவர்களின் குரல்கள் அவை. அவர்களை ஈர்க்கும் மருத்துவமனை, 1900ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கியது.

பிறப்பும் இளமையும்
தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற இராணிப்பேட்டையில் 1870 டிசம்பர் 9 அன்று ஐடா பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் மருத்துவத் தொண்டர்கள். தாதுவருடப் பஞ்சத்தில் பசியால் வாடிய சிறுவர்களுக்கு உணவு ஊட்டிய நினைவு, அவர் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. அமெரிக்காவில் கல்வி பயின்ற அவர், இந்தியாவுக்குத் திரும்பி வாழ விரும்பவில்லை.

1890இல் தாய் சோபியா நோயுற்றார். அவரைக் கவனிப்பதற்காகவே ஐடா திண்டிவனம் வந்தார். தாய் தேறியதும் அமெரிக்கா திரும்புவது அவர் எண்ணம்.

திசைமாற்றிய இரவு
ஓர் இரவு மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பேறுகாலத் துன்பத்தில் இருந்தனர். தந்தையார் வருவதாக ஐடா கூறினார். ஆண் மருத்துவர் பெண்களைத் தொடுதல் தம் வழக்கமன்று எனக் கூறி மூவரும் திரும்பிச் சென்றனர். மருத்துவம் அறியாத ஐடாவால் எதுவும் செய்ய இயலவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிர்நீத்திருந்தனர். அருகில் மருத்துவர் இருந்தும் நேர்ந்த அம்மரணங்கள் ஐடாவின் முடிவை மாற்றின.

அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்ற அவர், 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். துயரிலும் பணி நிற்கவில்லை. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை எழுந்தது. தாய் சோபியா தம் இறுதிக்காலத்தை மகளுடனேயே வேலூரில் கழித்தார்.

தேடிச்சென்ற மருத்துவம்
ஊருக்கு வர இயலாதவர்களைத் தேடி ஐடாவே சென்றார். குடியாத்தம் சாலையில் மரநிழல்களே மருத்துவச் சாலைகளாயின. ஒருவரால் மட்டும் இப்பணி நிறைவேறாது என உணர்ந்தார். 1909இல் செவிலியர் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மாணவியர் அவரை ஐடா அத்தை என்றே அன்புடன் அழைத்தனர். அப்பள்ளியே பின்னாளில் இருபாலருக்கும் உரிய மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

உறவே துணை
மனநோயாளிகளைச் சுவர்களுக்குள் அடைத்துக் குடும்பத்தினரிடமிருந்து பிரித்துவைப்பதே பெரிதும் வழக்கமாக இருந்தது. 1950களில் பாகாயத்தில் உருவான இக்கல்லூரியின் மனநல மையமோ, உறவினர் ஒருவரை நோயாளியுடன் தங்கச்செய்தது. நோயின் இயல்பை உறவினரும் கற்றார். வீடு திரும்பியபின் பராமரிக்கும் முறையையும் அறிந்தார்.

முதுமையில் வரும் மறதி நோய்க்கு இந்நெறி மிகவும் பொருந்தும். உண்டதை மறந்து மீண்டும் உணவு கேட்கும் தந்தையிடமும், பெற்ற மகளையே யாரென வினவும் தாயிடமும் சினம் கொள்வதில் பயனில்லை. அது பிடிவாதமன்று, நோய். இரவும் பகலும் உடனிருப்பவரும் களைப்படைவார். அச்சுமை பெரும்பாலும் வீட்டுப் பெண் ஒருவர் தோளிலேயே விழுகிறது. உடன்பிறந்தார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வதும், பராமரிப்பவருக்கு ஓய்வும் உறக்கமும் அளிப்பதும் அறமாகும்.

> தெரிந்து தெளிவோம்
> 1906இல் செருமானிய மருத்துவர் அலாய்சு அல்சைமர், நினைவிழந்த பெண் ஒருவரின் மூளையை ஆராய்ந்து கண்ட மாற்றங்களை அறிவித்தார். அவர் பெயரே அந்நோய்க்குச் சூட்டப்பட்டது. செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். முதியோர்க்கான தேசிய உதவி எண் 14567.

நிறைவு
ஐடா 1960 மே மாதம் கொடைக்கானலில் மறைந்தார். தாயின் படுக்கையருகே அமர வந்த மகள், எண்ணற்ற தாயர் உயிர் பிழைக்கக் காரணமானார். நோயுற்றவரின் கைபற்றி உடனிருக்கும் ஒவ்வொருவரும் அவர் தொண்டில் பங்கேற்பவரே. அவர்களுக்குத் தோள்கொடுப்பது நம் கடமையாகும்.