மைக்கேல் டில்லன்: இரண்டு புத்தகத்தில் இரண்டு பெயர்

இந்த மாதம் ஒரு டாக்டரைப் பற்றி. இன்ஜினியரிங் காலேஜ் இதழில் டாக்டர் எதுக்குன்னு கேட்காதீங்க. இவர் டாக்டர் ஆவதற்கு முன்னாடி நாலு வருஷம் கார் பட்டறையில் வேலை பார்த்தவர். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், நம்ம ஊர்க்காரங்களுக்கு நல்லாப் புரியும். 2005-ல் அரியலூரில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்க, பெரம்பலூர் மாவட்டம்னு இருக்கும். அவங்க அண்ணன் 1994-ல் பிறந்திருந்தால் திருச்சி மாவட்டம். இன்றைய ஆதாரில் அரியலூர். பிறந்த வீடு ஒன்றுதான், மாறினது காகிதம். 2007-ல் மாவட்டம் பிரிந்த கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால் எந்த அலுவலகத்திலும் யாரும் முறைப்பதில்லை. ஆனால் மாறியது மாவட்டமாக இல்லாமல், உங்கள் பெயரும் பாலினமுமாக இருந்தால்?

மைக்கேல் டில்லன் 1915 மே 1 அன்று லண்டனில் பிறந்தார். பிறப்புப் பதிவேட்டில் பெண் குழந்தை, பெயர் லாரா மாட் டில்லன். பிறந்த சில நாட்களிலேயே அம்மா இறந்துபோனார். அவரையும் அண்ணன் ராபர்ட்டையும் ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் அத்தைமார் வளர்த்தார்கள். குடும்பம் சாதாரணக் குடும்பம் இல்லை. அயர்லாந்தின் லிஸ்முல்லன் ஜமீன், பரம்பரையாக 'பாரனெட்' பட்டம். அந்தப் பட்டம் ஆண் வாரிசுக்கு மட்டும்தான் போகும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஆக்ஸ்ஃபோர்டில் பெண்கள் கல்லூரியில் படித்தார். படகுப் போட்டியில் பெரிய ஆள், பெண்கள் படகுச் சங்கத்தின் தலைவர். ஆனால் தான் பெண் இல்லை என்பது அவருக்குள் தெளிவாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வார்த்தை இல்லை. இன்று நாம் திருநம்பி என்கிறோம். அன்று இங்கிலாந்தில் அப்படி ஒரு சொல்லே புழக்கத்தில் கிடையாது. (தமிழில் ஒரு வசதி பாருங்க. 'அவர்' என்று எழுதிவிட்டால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாருக்கும் சங்கடம் இல்லை.)

1939-ல் ஒரு மருத்துவரிடமிருந்து டெஸ்டோஸ்டிரோன் மாத்திரைகள் கிடைத்தன. அந்த மருத்துவர் முதலில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லியிருந்தார். அங்கே சொன்ன ரகசியம் வெளியே கசிந்து, வேலை பார்த்த ஆய்வகம் முழுக்கப் பரவிவிட்டது. தலைகாட்ட முடியவில்லை. பிரிஸ்டல் நகருக்குப் போய் ஒரு கார் கராஜில் சேர்ந்தார். பெட்ரோல் போடுவது, நடுரோட்டில் நின்ற வண்டியை இழுத்து வருவது, இரவில் குண்டு விழுந்து தீப்பிடித்தால் அணைக்கக் காவல் இருப்பது என்று உலகப்போர்க் காலத்தைக் கழித்தார். மாத்திரையால் குரல் கனத்தது, தாடி முளைத்தது. வாடிக்கையாளர்கள் பையன் என்றே நினைத்தார்கள். கூட வேலை செய்தவர்களுக்கு உண்மை தெரியும், கிண்டலும் நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு பட்டதாரி கையில் கிரீஸோடு நாலு வருஷம்.

ரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கி விழும் தொல்லை அவருக்கு இருந்தது. அப்படி ஒரு முறை விழுந்து மருத்துவமனையில் சேர்த்தபோதுதான் அதிர்ஷ்டம் அடித்தது. அங்கிருந்த பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் அவர் நிலையைப் புரிந்துகொண்டார். 1942-ல் மார்பு அறுவை சிகிச்சை செய்தார். பிறப்புச் சான்றிதழை மாற்ற ஒரு கடிதம் கொடுத்தார். அதுபோக, போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு முகம் கட்டிக்கொடுத்துப் புகழ்பெற்ற ஹரோல்ட் கில்லீஸிடம் அறிமுகப்படுத்தியும் வைத்தார்.

1944 ஏப்ரல் 14. பதிவேட்டில் லாரா மாட் என்பது லாரன்ஸ் மைக்கேல் ஆனது, பெண் என்பது ஆண் ஆனது. இதற்கென்று அன்று தனிச் சட்டம் எதுவும் கிடையாது. பிறக்கும்போது தவறாகப் பதிந்துவிட்டார்கள், இப்போது திருத்துகிறோம் என்ற கணக்கில்தான் நடந்தது. எழுத்துப்பிழை திருத்துகிற மாதிரி.

அடுத்த தலைவலி நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: மார்க் ஷீட். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் சேர வேண்டும். கையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு பட்டமோ பெண்கள் கல்லூரிப் பட்டம். பெயர் மட்டும் மாறினால் போதுமா? ஓர் ஆண் எப்படி அங்கே படித்தான் என்ற கேள்வி வருமே! பழைய ஆசிரியர் ஒருவர் பதிவாளரிடம் பேசி, பிரேஸ்னோஸ் என்ற ஆண்கள் கல்லூரியில் படித்ததாகப் பதிவை மாற்ற வைத்தார். அந்த ஆசிரியர் மட்டும் இல்லையென்றால் டாக்டர் டில்லன் என்று ஒருவரே இருந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1945-ல் டப்ளின் போனார். 1946 முதல் 1949 வரை கில்லீஸ் அவருக்குக் குறைந்தது 13 அறுவை சிகிச்சைகள் செய்தார். உண்மைக் காரணத்தை எழுத முடியாததால் மருத்துவப் பதிவில் பிறவிக் குறைபாடு என்று குறித்துவைத்தார். இதற்கு நடுவே படிப்பு, ஆண்கள் அணியில் படகோட்டம். பெண்கள் அணி, ஆண்கள் அணி இரண்டிலும் துடுப்புப் போட்ட ஆள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? 1946-லேயே ஒரு புத்தகமும் எழுதினார். மனதை உடலுக்கு ஏற்ப மாற்ற முடியாதபோது உடலை மனதுக்கு ஏற்ப மாற்றுவதே நியாயம் என்பது அதன் சாரம். ஆனால் தன்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு ராபர்ட்டா கவல் தேடி வந்தார். நம்ம இனம்: இன்ஜினியரிங் படித்தவர், கார் ரேஸ் வீரர், போரில் ஸ்பிட்ஃபயர் விமானம் ஓட்டியவர். இவர் திருநங்கை. அன்று அங்கே சட்டப்படி செய்ய முடியாத ஒரு அறுவை சிகிச்சையை, மாணவராக இருந்தபோதே டில்லன் இவருக்கு ரகசியமாகச் செய்தார். வெளியே தெரிந்திருந்தால் மருத்துவப் படிப்பே போயிருக்கும். 1951-ல் கவலின் பிறப்புச் சான்றிதழும் திருத்தப்பட்டது. டில்லன் அவரை உயிருக்கு உயிராகக் காதலித்தார், கல்யாணம் கேட்டார். கவல் மறுத்துவிட்டார். அதே 1951-ல் டாக்டர் ஆன டில்லன், கொஞ்ச நாளில் கப்பல் மருத்துவராகக் கடலுக்குப் போய்விட்டார்.

இப்போது அந்தப் பாரனெட் விஷயத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியை அச்சிட இரண்டு புத்தகங்கள் உண்டு: டெப்ரெட், பர்க். டெப்ரெட்டில் பட்டத்துக்கு அடுத்த வாரிசு தம்பி மைக்கேல் என்று இருந்தது. பர்க்கில் தங்கை லாரா மாட் என்றே இருந்தது. இரண்டு டேட்டாபேஸ், ஒன்று அப்டேட் ஆகவில்லை, அவ்வளவுதான். 1958-ல் யாரோ ஒருவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். கப்பல் அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் நின்றபோது பத்திரிகைக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பிறப்புச் சான்றிதழ், பட்டம், மருத்துவப் பதிவு எல்லாவற்றையும் சரிசெய்தவர், யாரும் புரட்டாத ஒரு புத்தகத்தின் ஒரு வரியில் மாட்டிக்கொண்டார். பதினாலு வருஷ நிம்மதி அன்றோடு போச்சு. டெப்ரெட்டின் ஆசிரியர் கடைசி வரை டில்லன்தான் வாரிசு என்று நின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் ஓடி வந்த இடம் இந்தியா. கலிம்போங், பிறகு சாரநாத். பௌத்தம் படித்து, புத்தரின் மருத்துவரான ஜீவகரின் பெயரைச் சூட்டிக்கொண்டார். முழுத் துறவு கேட்டபோது, மூன்றாம் பாலினத்தவருக்கு அது கிடையாது என்ற பழைய விதி குறுக்கே வந்தது. இங்கேயும் ஒரு பதிவேடு! கடைசியில் திபெத்திய மரபில், 1960-ல் லடாக்கின் ரிசோங் மடத்தில் லொப்சாங் ஜீவகர் என்ற இளநிலைத் துறவியானார். பிரபு வீட்டுப் பிள்ளை அங்கே சிறுவர்களோடு சேர்ந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

டில்லனுக்குக் கிடைத்த வழி இங்கிலாந்திலேயே பிறகு அடைபட்டது. 1970-ல் வந்த கார்பெட் வழக்கின் தீர்ப்புக்குப் பின் இப்படித் திருத்தவே முடியாமல் போய், 2004-ல் தனிச் சட்டம் வந்த பிறகுதான் வழி திறந்தது. இங்கே 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு வந்தது. 2019 சட்டமும் 2020 விதிகளும் சான்றிதழ் கொடுக்கும் பொறுப்பை மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்தன. பெயர் மாற்றத்துக்குத் தமிழ்நாடு அரசிதழ் இருக்கிறது. அப்படியும் பிரித்திகா யாஷினியின் போலீஸ் எஸ்.ஐ. விண்ணப்பம் முதலில் தள்ளப்பட்டது. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் போராடி ஜெயித்த பிறகே, 2017-ல் தருமபுரியில் பொறுப்பேற்றார்.

டில்லன் தன் கதையை எழுதி முடித்தது 1962 மே 1, அவருடைய 47-வது பிறந்த நாள். கையெழுத்துப் பிரதியை லண்டனுக்கு அனுப்பினார். மே 15 அன்று, இன்று இமாச்சலத்தில் இருக்கும் டல்ஹவுசியின் மருத்துவமனையில் இறந்தார். அதை எரித்துவிட வேண்டும் என்று அண்ணன் விரும்பினார். பதிப்பு முகவர் கொடுக்கவில்லை, பத்திரமாக வைத்திருந்தார். புத்தகம் வெளிவர 2016 வரை ஆனது. அட்டையில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன: மைக்கேல் டில்லன், லொப்சாங் ஜீவகர். இரண்டும் அவரே தேர்ந்தெடுத்தவை.