ஒட்டாவா போன கோவைக்காரர்

ஊரிலிருந்து யாராவது மாண்ட்ரியலுக்கு வந்தால் ஒட்டாவாவுக்கும் அழைத்துப்போய்ப் பாராளுமன்றக் குன்றைக் காட்டுவது எங்கள் வழக்கம். இரண்டு மணி நேரப் பயணம்தான். 1932 ஜூலை 21ஆம் தேதி அங்கே பிரிட்டிஷ் பேரரசின் பொருளாதார மாநாடு தொடங்கியபோது இந்தியக் குழுவில் ஒரு தமிழர் இருந்தார் என்று சொன்னால் வந்தவர்கள் நம்புவதில்லை. அவர் ஆர்.கே. சண்முகம் செட்டியார்.

1892இல் கோவையில் பிறந்தவர். சென்னையில் சட்டம் படித்தார். மத்திய சட்டசபையில் சுயராஜ்யக் கட்சியின் கொறடாவாக இருந்து, பிறகு சபையின் துணைத்தலைவரானார். ஒட்டாவா சென்ற குழுவுக்குத் தலைவர் சர் அதுல் சட்டர்ஜி.

உலகப் பொருளாதாரம் படுத்துக் கிடந்த சமயம் அது. பிரிட்டன் அவ்வாண்டு பெரும்பாலான இறக்குமதிகளுக்கு 10 சதவீத வரி விதித்தது; இந்தியாவுக்கும் டொமினியன்களுக்கும் நவம்பர் 15 வரைதான் விலக்கு. அதற்குள் உடன்பாடு காணாவிட்டால் சென்னை மாகாணத்துத் தோலும் வங்காளத்துச் சணல் பொருள்களும் லண்டனில் அந்நியச் சரக்காகிவிடும். ஆகஸ்ட் 20இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. நம் பொருள்களுக்கு அங்கே சலுகை. பதிலுக்குப் பல பிரிட்டிஷ் பொருள்களுக்கு இங்கே வரியில் பொதுவாக 10 சதவீதச் சலுகை.

சண்முகம் செட்டியார் இதை லாபக் கணக்காகப் பார்த்தார். சந்தையை இழப்பதைவிடக் கொஞ்சம் கொடுத்து வாங்குவது மேல் என்பது அவர் வாதம். கணக்கில் பெரிய பிழை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மறுத்துவிட்டு எழுந்துபோகும் உரிமை இல்லாதவன் பேசும் பேரத்துக்கு என்ன மதிப்பு? தேசியவாதிகள் கேட்டது அதைத்தான். 1933இல் சபைத் தலைவராக உயர்ந்தவர், 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் ஒட்டாவா அவருக்குப் பெரும் சுமையாக இருந்தது. 1936இல் சட்டசபை அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளச் சொல்லித் தீர்மானமே போட்டது.

அதன்பின் கொச்சி சமஸ்தானத்தின் திவான் ஆனார். 1944இல் பிரெட்டன் வுட்ஸ் போன இந்தியக் குழுவில் அவரும் இருந்தார். பின்தங்கிய நாடுகளின் வளத்தை வளர்ப்பதும் பன்னாட்டு நிதியத்தின் நோக்கங்களில் ஒன்றாக வேண்டும் என்று அக்குழு வாதாடியது, கேட்டபடி கிடைக்கவில்லை. ஏழை நாடுகளிடம் பதிலுக்கு எதுவும் கேட்காமல் வரிச்சலுகை தரலாம் என்பதை உலகம் ஏற்க 1968 வரை ஆயிற்று. அந்த ஐ.நா. வர்த்தக மாநாடு நடந்த இடம் டில்லி. அப்போது அவர் இல்லை.

காங்கிரஸ்காரர் அல்லாத அவரையே நேரு முதல் நிதியமைச்சராக்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26இல் அவர் தாக்கல் செய்தார். அடுத்த ஆண்டே பதவி விலகினார். இத்தனைக்கும் நடுவே தமிழிசைக்காகப் பாடுபட்டார், சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்துக்கு உரையும் எழுதினார். 1953இல் மறைந்தார். எர்ணாகுளத்தில் காயலை ஒட்டிப் போகும் சண்முகம் சாலை அவர் பெயரில் அமைந்ததுதான்.